பழைய ஷாஸ்டா ட்ரெய்லருக்கு ஏசி: கூரையை வெட்டும் முன் கவனிக்க வேண்டியவை

வாசகர் கடிதத்தின் சுருக்கம்

டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் வசிக்கும் ஒரு வாசகர், 1964ஆம் ஆண்டில் தயாரான ஷாஸ்டா காம்பாக்ட் ட்ரெய்லர் (காருக்குப் பின்னால் இழுத்துச் சென்று உள்ளே தங்கும் சிறு வண்டி) ஒன்றைச் சென்ற ஆண்டு வாங்கியிருக்கிறார். பின்பக்கம் இரண்டு சிறகுகள் பொருத்திய, மெல்லிய அலுமினியத் தகடு போர்த்திய மரச்சட்டப் பெட்டி அது. உள்ளளவு ஒன்பதரை அடி நீளம், ஆறரை அடி அகலம், ஆறேகால் அடி உயரம். வரும் ஜூலையில் மதுரையிலிருந்து அவருடைய மாமியார் வருகிறார். கார்னர் மாநிலப் பூங்காவில் ஃபிரியோ ஆற்றங்கரையிலும், பிறகு மஸ்டாங் தீவுக் கடற்கரையிலும் சில நாள் தங்குவதாகத் திட்டம். இரவில் பாட்டியும் ஆறு வயதுப் பேத்தியும் ட்ரெய்லருக்குள் படுப்பார்கள்; வாசகரும் மனைவியும் வெளியே கூடாரம் போட்டுக்கொள்வார்கள்.

ட்ரெய்லர் கடைக்காரர் ஒருவர், கூரையில் 13,500 பிடியு (குளிர்விக்கும் திறனின் அளவு) ஏசி பொருத்த வேலைக் கூலி உட்பட 2,100 டாலர் கேட்டிருக்கிறார். "மதுரை வீட்டுப் படுக்கையறைக்கே ஒரு டன் ஏசி போட்டிருக்கிறோம்; டெக்சாஸ் வெயிலில் நிற்கும் தகரப் பெட்டிக்கு அதைவிடக் கூடுதலாகத்தானே வேண்டும்?" என்று வாசகரும் அதை ஏற்கும் மனநிலையில் இருக்கிறார். ஆனால் மனைவிக்குக் கூரையை வெட்ட மனமில்லை. நண்பர் ஒருவர், சக்கரம் வைத்த நகரும் ஏசி போதும் என்கிறார். 200 வாட் சோலார் பலகையும் ஒரு பேட்டரியும் வாங்கினால் இரவு முழுக்க ஏசி ஓடுமா என்பது வாசகரின் இன்னொரு கேள்வி.

கடிதத்தின் கடைசிப் பத்தியில், போகிற போக்கில், இப்படியும் எழுதியிருக்கிறார்: "வயரிங் பழையதுதான், ஆனாலும் விளக்கும் மின்விசிறியும் நன்றாகவே ஓடுகின்றன. கராஜில் உள்ள சாக்கெட்டில் செருகினால் மட்டும் ட்ரிப் ஆகிவிடுகிறது. அதனால் வரவேற்பறை சாக்கெட்டிலிருந்து ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்துக்கொள்கிறோம். ஒருநாள் மழை விட்டதும் கதவுப் பிடியைத் தொட்டபோது லேசாகச் சுரீர் என்றது. ஈரத்தால் இருக்கும் என்று விட்டுவிட்டேன்."

முதலில் அந்தச் சுரீர்

அன்புள்ள நண்பருக்கு,

ஏசியைப் பற்றி நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் எழுதுகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தின் முக்கியமான செய்தி அந்தக் கடைசிப் பத்தியில்தான் இருக்கிறது. இந்தப் பதிலைப் படித்து முடிக்கும் முன்பே எழுந்துபோய், ட்ரெய்லருக்குப் போகும் வயரை வீட்டுச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். வயரிங்கைச் சரிசெய்யும் வரை அதில் ஒரு விளக்கைக்கூட எரிய விட வேண்டாம்.

உங்களைச் சுட்டது ஈரம் அன்று. ட்ரெய்லரின் அலுமினிய உடம்பிலேயே மின்சாரம் ஏறியிருக்கிறது. உங்கள் கால் ஈரத் தரையில் பட்டிருந்ததால் அன்றைக்கு அது உங்கள் உடல் வழியாக இறங்கிக் காட்டியது. காய்ந்த நாளில் ரப்பர் செருப்போடு நின்று தொட்டால் ஒன்றும் தெரியாது. ஆற்றிலிருந்து ஈரம் சொட்டச் சொட்ட, வெறுங்காலோடு ஓடிவரும் குழந்தை அதே பிடியைத் தொட்டால் நிலைமை வேறு. கராஜ் சாக்கெட் ட்ரிப் ஆனதும் அதே செய்தியைத்தான் சொன்னது. அமெரிக்க வீடுகளில் கராஜ், குளியலறை, வெளிப்புறம் ஆகிய இடங்களில் இருக்கும் பாதுகாப்பு சாக்கெட், போகிற மின்னோட்டத்துக்கும் திரும்பி வரும் மின்னோட்டத்துக்கும் ஏறத்தாழ 5 மில்லி ஆம்பியர் வேறுபாடு வந்தாலே துண்டித்துவிடும். அந்தப் பாதுகாப்பு இல்லாத வரவேற்பறை சாக்கெட்டுக்கு நீங்கள் மாறியது, காய்ச்சலை விட்டுவிட்டுத் தெர்மாமீட்டரை மாற்றியது போன்றது.

அந்தக் காலத்துச் சிறு ட்ரெய்லர்கள் பலவற்றில் எர்த் கம்பியே கிடையாது. இரண்டு கம்பி, இரண்டு முள் பிளக், ஒரு 15 ஆம்பியர் ஃபியூஸ், அவ்வளவுதான். அந்தப் பிளக்கைத் திருப்பியும் செருகலாம் என்பதால் ஃபேஸ் எது, நியூட்ரல் எது என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. அறுபது ஆண்டுகளில் யாரோ ஒருவர் அலமாரிக்கு அடித்த ஆணி, தகட்டுக்கு முடுக்கிய திருகு, எலி கடித்த இடம் என ஏதோ ஒன்று கம்பியின் உறையைக் கிழித்துத் தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். எர்த் இருந்திருந்தால் பிரேக்கர் விழுந்து காட்டிக்கொடுத்திருக்கும். இல்லாததால் வண்டியின் உடம்பே சத்தமின்றி மின்சாரத்தைத் தாங்கி நிற்கிறது. இப்படிப்பட்ட வண்டியில் உலோக உடம்பு கொண்ட, தண்ணீர் சொட்டும் ஒரு ஏசியையும் சேர்ப்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

செய்ய வேண்டிய வேலை இது. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவரை, அதிலும் ட்ரெய்லர் வயரிங்கில் பழக்கம் உள்ளவரை அழைத்து, பழைய கம்பிகளை முழுவதும் மாற்றச் சொல்லுங்கள். பிரேக்கர் உள்ள ஒரு சிறு பெட்டி, ஏசிக்கென்று தனியாக 12 கேஜ் செம்புக் கம்பியில் 20 ஆம்பியர் சுற்று, மற்ற சாக்கெட்டுகளுக்குக் கசிவுப் பாதுகாப்பு, எர்த் கம்பியோடு உறுதியாக இணைத்த சேசிஸும் அலுமினியத் தகடும், வெளியே 30 ஆம்பியர் இணைப்பு, அதற்கு 10 கேஜ் வடம். (கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.) அவரிடம் ஒன்றை மட்டும் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: ட்ரெய்லரின் பெட்டிக்குள் நியூட்ரலும் எர்த்தும் ஒன்றோடொன்று சேரவே கூடாது. வீட்டின் முதன்மைப் பெட்டியில் இரண்டையும் இணைத்துப் பழகிய கை, இங்கும் அப்படியே செய்துவிடக்கூடும். அமெரிக்காவின் தேசிய மின் விதித் தொகுப்பில் 551ஆம் பிரிவு இத்தகைய வண்டிகளுக்கென்றே இருக்கிறது. அதன்படி செய்வதாக மதிப்பீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

வேலை முடிந்த பிறகும், ஒவ்வொரு முகாமிலும் இணைப்புக் கொடுத்தவுடன், தொடாமலே மின்னழுத்தம் காட்டும் பேனா டெஸ்டரை ட்ரெய்லரின் தகட்டருகே கொண்டுபோய்ப் பாருங்கள். அது கத்தினால் யாரும் வண்டியைத் தொட வேண்டாம். முகாமில் மின் இணைப்புத் தரும் கம்பத்தின் பிரேக்கரை அணைத்துவிட்டு நிர்வாகத்தைக் கூப்பிடுங்கள். குற்றம் உங்கள் வண்டியில் இல்லாமல், அந்தக் கம்பத்தின் எர்த்திலும் இருக்கலாம்.

எத்தனை டன் வேண்டும்?

இப்போது உங்கள் மதுரைக் கணக்குக்கு வருவோம். ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பிடியு. மதுரைப் படுக்கையறை நூறு, நூற்றிருபது சதுர அடி இருக்கும். மேலே மொட்டை மாடியின் கான்கிரீட் நாள் முழுதும் வாங்கிய வெயிலை நள்ளிரவு வரை இறக்கிக்கொண்டிருக்கும். உங்கள் ட்ரெய்லரோ சுமார் 62 சதுர அடி. தகடும் ஒட்டுப்பலகையும் மெல்லியவை என்பதால் வெயிலில் சட்டென்று கொதிக்கும். வெயில் இறங்கியதும் அதே வேகத்தில் ஆறியும் விடும். மாமியாருக்கு ஏசி மிகவும் தேவைப்படப் போவது இரவில் என்பதால் இந்த வேறுபாடு உங்களுக்குச் சாதகமானது.

நீங்கள் கொடுத்த அளவுகளை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெளியே 98 டிகிரி ஃபாரன்ஹீட், உள்ளே 78 என்று வைத்துக்கொள்வோம். சுவர், கூரை, தரை மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 325 சதுர அடி. உள்ளே மெல்லிய கண்ணாடியிழைப் பஞ்சாவது மிஞ்சியிருந்தால் அவற்றின் வழியே மணிக்கு 2,000 பிடியு அளவில் வெப்பம் நுழையும். வெயில் நேரே படும் கூரையும் ஒரு பக்கச் சுவரும் இன்னொரு 1,500. திரையில்லாத ஜன்னல்கள் 1,500. நான்கு பேர் உள்ளே உட்கார்ந்திருந்தால் 1,600. கதவிடுக்கிலும் ஜன்னலிடுக்கிலும் வரும் ஈரக்காற்று 700 அளவில். ஆக, நடுப்பகலில், நிழலில்லாத இடத்தில், சுமார் 7,300. அதே வண்டியை மரநிழலில் நிறுத்தி, ஜன்னல்களுக்கு வெள்ளிநிறத் தடுப்பு வைத்தால் 5,200க்கு இறங்கிவிடும். இரவில் பாட்டியும் பேத்தியும் மட்டும் படுத்திருக்கும்போது 2,000 பக்கம்தான் வரும்.

எனவே, நிழலில் நிறுத்தினால், உங்களுக்குத் தேவை 5,000 அல்லது 6,000 பிடியு, அதாவது அரை டன் அல்லது அதற்குச் சற்றே குறைவு. கடைக்காரர் சொன்னது அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். கூடுதலாக இருந்தால் என்ன, சீக்கிரம் குளிர்ந்துவிடுமே என்று தோன்றும். அந்தச் சீக்கிரம்தான் பிரச்சினை. ஏசி காற்றைக் குளிர வைப்பதோடு அதிலுள்ள ஈரத்தையும் பிழிந்து எடுக்க வேண்டும். அதற்கு அது தொடர்ந்து சிறிது நேரமாவது ஓட வேண்டும். அளவுக்கு மீறிய இயந்திரம் சில நிமிடங்களில் வெப்பநிலையை இறக்கிவிட்டு நின்றுவிடும். ஈரம் அப்படியே இருக்கும். மஸ்டாங் தீவு போன்ற கடற்கரையில் அப்படி நடந்தால், உள்ளே சில்லென்றும் பிசுபிசுப்பாகவும் இருக்கும். வயதானவர்களுக்கு மூட்டு வலிக்கும் என்று புகார் வரும். குளிர்ந்த ஒட்டுப்பலகையில் ஈரம் கோத்து, நீங்கள் பார்க்காத மூலைகளில் மரம் உளுக்கத் தொடங்கும்.

கூரை ஏசி

கூரையில் உட்காரும் ஏசிகள் பெரிய வண்டிகளுக்கு உகந்தவை. அவற்றை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவை 35 முதல் 45 கிலோ எடையுள்ளவை. உங்கள் வண்டியின் கூரைச் சட்டங்கள் ஓர் அங்குலத்துக்கு முன்பின்னான மெல்லிய பைன் மரம். வண்டி நெடுஞ்சாலையில் குலுங்கும்போது அந்த எடை நின்ற இடத்தில் நிற்காது, ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒருமுறை இடிக்கும். கூரை ஒரு விரற்கடை தாழ்ந்தால் போதும், மழைநீர் அந்தப் பள்ளத்தில் தேங்கி, ஏசியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தின் வழியே உள்ளே இறங்கும். பழைய ட்ரெய்லர்களைக் கொல்வது வெயிலைவிடக் கூரைக் கசிவுதான்.

இதற்கு ஒரு மாற்றுவாதம் உண்டு, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான கூரை ஏசிகள் 14 அங்குலச் சதுரத் துளையில் உட்காரும்படி செய்யப்படுகின்றன. பழைய ட்ரெய்லர்கள் பலவற்றில் காற்றுத் துளையும் அதே அளவுதான். ஆகவே "புதிதாக வெட்டுவதே இல்லை" என்று கடைக்காரர் சொன்னால் அது பொய்யாக இருக்காது. ஆனால் அந்தத் துளைதான் உங்கள் வண்டியின் ஒரே மேல் வழி. சமைக்கும் புகையும் பகலில் சேரும் வெப்பமும் போக அதுவே தேவை. அதில் 12 வோல்ட்டில் ஓடும் ஒரு நல்ல காற்றுவிசிறியைப் பொருத்துவது, ஏசியை அங்கே வைப்பதைவிடப் பயன்தரும். தவிரவும், 13,500 பிடியு இயந்திரம் ஓடும்போது 12, 13 ஆம்பியர் இழுக்கும். தொடங்கும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு. மின் இணைப்பு இல்லாத இடத்தில் அதைச் சிறிய ஜெனரேட்டரில் ஓட்டுவது தனிப் போராட்டம்.

எல்லாம் கேட்ட பிறகும் கூரை ஏசியே வேண்டும் என்று முடிவு செய்தால், கூரையின் உட்பலகையைக் கழற்றிச் சட்டங்கள் உளுத்திருக்கின்றனவா என்று பார்த்த பிறகே பொருத்துவதாகவும், சுவர்வரை எடையை இறக்கும் வளைச்சட்டம் அமைப்பதாகவும், ஓராண்டுக்குள் கசிந்தால் தம் செலவில் சரிசெய்வதாகவும் அந்தக் கடைக்காரரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த மூன்றில் ஒன்றுக்கு அவர் தயங்கினாலும் அந்த 2,100 டாலரை வேறு வேலைக்கு வைத்திருங்கள். வயரிங்குக்கே அது தேவைப்படும்.

நண்பரின் சக்கர ஏசி

ஒற்றைக் குழாய் உள்ள நகரும் ஏசி, அறைக்குள் இருக்கும் காற்றையே எடுத்துத் தன் வெப்பத்தை அதில் ஏற்றி வெளியே தள்ளுகிறது. நிமிடத்துக்கு 150 கன அடி என்று குறைத்து வைத்தாலும், உங்கள் வண்டியின் மொத்தக் காற்றும் மூன்று நிமிடத்துக்குள் வெளியேறிவிடும். அந்த இடத்தை நிரப்ப வெளியேயிருந்து 98 டிகிரிக் காற்று ஒவ்வோர் இடுக்கிலும் உள்ளே வரும். பெட்டியின் மேல் இரண்டு பிடியு எண்கள் அச்சிட்டிருப்பதைக் கவனியுங்கள். சிறிய எண்தான் உண்மைக்கு அருகில் இருப்பது. அதைவிட எனக்குக் கவலை தருவது, உள்ளே உருவாகும் அந்த உறிஞ்சல் கேஸ் அடுப்பு, பழைய கேஸ் விளக்கு ஆகியவற்றின் புகையை உள்ளேயே இழுத்து வைத்துக்கொள்ளக்கூடும் என்பது. எந்த ஏசியை வைத்தாலும், மூடிய வண்டிக்குள் கேஸ் விளக்கை ஏற்றக் கூடாது. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் கேஸ் கசிவு அலாரம் ஒன்றும் கட்டாயம் வையுங்கள்.

இதற்கு உறவான இன்னொரு வகை உண்டு: இயந்திரம் வெளியே தரையில் இருக்கும், இரண்டு குழாய்கள் மட்டும் ஜன்னல் வழியே உள்ளே வந்து காற்றை எடுத்துக் குளிர்வித்துத் திருப்பித் தரும். கூடாரங்களுக்கென்று விற்கிறார்கள். குளிரும் திறன் குறைவு, குழாயில் கொஞ்சம் இழப்பும் உண்டு. ஆனால் வண்டியில் ஒரு திருகுகூடப் போட வேண்டாம். மனைவியின் மனத்தடைக்கு இது ஒரு நடுவழி.

நான் பரிந்துரைப்பது: சிறிய ஜன்னல் ஏசி

சாதாரண 5,000 அல்லது 6,000 பிடியு ஜன்னல் ஏசி 150 முதல் 250 டாலருக்குள் கிடைக்கும். எடை சுமார் 18, 20 கிலோ. ஓடும்போது 4, 5 ஆம்பியர்தான். அதை எங்கே, எப்படி வைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பின்பக்கக் கட்டிலுக்கு அடியில் வைக்கலாம் என்று நீங்கள் படம் வரைந்து அனுப்பியிருக்கிறீர்கள். அங்கே இரண்டு சிக்கல். முதலாவது சமநிலை. சாமான்களோடு உங்கள் வண்டி 1,600 பவுண்டு, கொக்கியில் விழும் எடை 175 பவுண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியில் இருக்க வேண்டும் என்பதால் இப்போது சரியாக இருக்கிறது. அச்சுக்கு 5 அடி பின்னால் 45 பவுண்டை ஏற்றினால், அச்சுக்கும் கொக்கிக்கும் இடையே 9 அடி இருக்கும் வண்டியில், கொக்கியின் எடை 25 பவுண்டு குறையும். 1,645க்கு 150, அதாவது 9 விழுக்காடு சொச்சம். நெடுஞ்சாலையில் ஒரு பெரிய லாரி கடந்துபோனதும் வால் ஆடத் தொடங்குவது இப்படிப்பட்ட வண்டிகளில்தான்.

இரண்டாவது காற்றோட்டம். ஜன்னல் ஏசியின் பின்பகுதி, பக்கவாட்டுச் செதில்கள் வழியே வெளிக்காற்றை உறிஞ்சி, முதுகுவழியே சூடாக வெளியே தள்ளுகிறது. முதுகை மட்டும் வெளியே காட்டிவிட்டு, பக்கச் செதில்களைக் கட்டிலடிப் பெட்டிக்குள் அடைத்துவிட்டால், அது தான் விட்ட வெப்பத்தையே திரும்ப உறிஞ்சும். கொஞ்ச நேரத்தில் கம்ப்ரஸர் சூடேறி நின்றுவிடும். "ஏசி மோசம், மாற்றிவிட்டேன்" என்று சொல்லும் பலருடைய ட்ரெய்லரிலும் மோசமாக இருந்தது இந்தப் பொருத்தம்தான்.

சரியான ஏற்பாடு, நீங்கள் அனுப்பிய படத்தில் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்கும் உடுப்பு அலமாரியின் அடிப்பகுதி. வெளித்தகட்டில் ஏசியைவிட ஓர் அங்குலம் பெரிதாக ஒரு திறப்பு. அதற்குப் பூட்டும் ரப்பர் விளிம்பும் கொண்ட சிறு கதவு. உள்ளே மேசை டிராயருக்குப் போடும் கனமான சறுக்குத் தண்டில் ஏசி. முகாமில் நின்றதும் கதவைத் திறந்து, செதில்கள் முழுவதும் வெளியே வரும்வரை ஏசியைத் தள்ளி, சுற்றிலும் உள்ள இடைவெளியை நுரைப்பட்டையால் அடையுங்கள். கிளம்பும்போது உள்ளே இழுத்துத் தாழிட்டுக் கதவை மூடினால், வெளியே பார்ப்பவருக்கு அது ஒரு சாமான் கதவாகத் தெரியும். வெட்டும் முன் உட்பலகையைக் கழற்றி, மின்கம்பி எங்கே ஓடுகிறது என்று கண்ணால் பாருங்கள். வெட்டிய தகட்டைத் தூக்கி எறியாமல் வையுங்கள். பின்னால் விற்கும்போது, பழமை குலையாத வண்டியைத் தேடுபவருக்கு அது ஒரு ஆறுதல். விளிம்புகளுக்குப் பியூட்டைல் பட்டை (நீர் புகாத ஒட்டும் ரப்பர் நாடா) போடுங்கள். சிலிகான் பசை வேண்டாம், அது ஒட்டிய இடத்தில் பிறகு வேறு எதுவும் ஒட்டாது.

தண்ணீரைப் பற்றி ஒரு குறிப்பு. ஏசியின் அடித்தட்டில் துளை போட்டுத் தண்ணீரை வடித்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். இக்காலத்து ஜன்னல் ஏசிகள் பலவற்றில் விசிறியே அந்தத் தண்ணீரை வாரிச் சூடான சுருள் மேல் தெளித்து ஆவியாக்குகிறது. அது வேண்டுமென்றே செய்த அமைப்பு. ஏசியை வெளிப்பக்கமாகக் கால் அங்குலம் சாய்த்து வைத்தால் மிச்சம் தானே வெளியே சொட்டும். கிளம்புவதற்கு முன் வெளிப்பக்கம் சாய்த்துத் தட்டைக் காலிசெய்யுங்கள். இல்லாவிட்டால் முதல் வளைவிலேயே அலமாரிக்குள் ஊற்றிவிடும். துளையிடுவதில் வேறோர் ஆபத்தும் இருக்கிறது: புதிய ஏசிகளில் பெரும்பாலும் இருப்பது ஆர்-32 என்ற குளிரூட்டும் வாயு, குழாயில் துளை பட்டால் அது கசியும், லேசாகத் தீப்பற்றவும் கூடியது.

ஆனாலும் இந்த ஜூலைக்காக இப்போதே தகட்டை வெட்ட வேண்டாம் என்பது என் கருத்து. இந்தக் கோடைக்கு ஏசியை நின்ற இடத்தில் மட்டும் பின்பக்க ஜன்னலில், கீழே பம்பரிலிருந்து ஒரு முட்டுக்கொடுத்து வையுங்கள். மீதி இடத்தை வெட்டிய ஒட்டுப்பலகையால் மூடுங்கள். பயணத்தில் அதை எடுத்து இழுக்கும் காருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பயணத்துக்குப் பிறகும் ஏசி அவசியம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னால் அலமாரி வேலையைக் குளிர்காலத்தில் நிதானமாகச் செய்யலாம். ஸ்பிளிட் ஏசியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள்: வெளி இயந்திரத்தைக் கொக்கிச் சட்டத்தின் மேல் வைத்து ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள், சத்தம் குறைவு என்பது உண்மை, ஆனால் குலுக்கலில் செம்புக் குழாய் இணைப்புகள் தளர்ந்தால் வாயு போய்விடும், அதைத் திறந்து வேலை செய்ய இங்கே சுற்றுச்சூழல் துறையின் சான்றிதழ் உள்ளவர் வேண்டும். இந்த அளவு வண்டிக்கு அது வேண்டாத செலவு.

சோலார், சாக்கெட், காப்பீடு

200 வாட் பலகை டெக்சாஸ் கோடையில் நாளொன்றுக்கு 800, 900 வாட்-மணி தரும். 450 வாட் இழுக்கும் சிறிய ஏசி, ஒன்பது மணிநேர இரவில் பாதி நேரம் மட்டும் ஓடினாலும் 2,000 வாட்-மணி; இன்வெர்ட்டர் இழப்போடு 2,250. ஒரு 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் இருப்பது 1,280. ஆக ஒரு பேட்டரி பாதி இரவுக்குச் சற்று மேல் ஓடியதும் கைவிரித்துவிடும். இரண்டு பேட்டரி வாங்கினாலும் அவற்றை மறுநாள் நிரப்ப 600 வாட் பலகை வேண்டும், அதற்கு உங்கள் கூரையில் பாதிக்கு மேல் போய்விடும். பலகைக்கு வெயில் வேண்டும், வண்டிக்கு நிழல் வேண்டும் என்ற முரண்பாடு வேறு. விளக்குக்கும் காற்றுவிசிறிக்கும் சோலார் நன்று. ஏசிக்கு மின் இணைப்புள்ள தளத்தையே முன்பதிவு செய்யுங்கள்.

வீட்டில் வண்டிக்கென்று 30 ஆம்பியர் சாக்கெட் போட நினைத்தால், அது 120 வோல்ட் என்பதை எலக்ட்ரீஷியனிடம் எழுதியே கொடுங்கள். மூன்று முள்ளும் 30 ஆம்பியரும் பார்த்தவுடன் துணி உலர்த்தும் இயந்திரத்தின் சாக்கெட் என்று எண்ணி 240 வோல்ட் கொடுத்துவிடுவது இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. செருகிய நொடியில் உள்ளே இருக்கும் அனைத்தும் கருகிவிடும். முகாம்களில் இதற்கு நேரெதிர்ச் சிக்கல்: பிற்பகலில் எல்லோரும் ஏசி போடும்போது மின்னழுத்தம் சரியும். 108 வோல்ட்டுக்குக் கீழே போனால் கம்ப்ரஸரை நிறுத்திவிடுங்கள். சாக்கெட்டில் செருகி வைக்கும் சிறு வோல்ட்மீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள்.

பல ஜன்னல் ஏசிகளின் கையேட்டில் வாகனங்களில் பொருத்தக் கூடாது என்று இருக்கும். அப்படியானால் பழுதுக்கு உத்தரவாதம் கிடைக்காது, விலையைப் பார்த்தால் அது பெரிய இழப்பில்லை. காப்பீடு அப்படியல்ல. வயரிங் மாற்றியதற்கான ரசீதையும் படங்களையும் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பி, முன்பே ஒப்புக்கொண்ட மதிப்பைத் தரும் வகைக் காப்பீடாக உங்களுடையது இருக்கிறதா என்று பாருங்கள். தேய்மானம் கழித்துத் தரும் வகையில் அறுபது வயது ட்ரெய்லருக்கு ஒன்றும் மிஞ்சாது. வழியில் தனியார் முகாமில் தங்குவதானால், பத்தாண்டுக்கு மேற்பட்ட வண்டியை ஏற்காத விதி அங்கே உண்டா என்று முன்பே தொலைபேசியில் கேளுங்கள். பழைய வண்டி என்றால் படம் கேட்டுவிட்டு அனுமதிப்பவர்களும் உண்டு.

மாமியார் வருவதற்கு முன்

முகாமில் ஏசியை நம்பி வயதானவரையோ குழந்தையையோ பகலில் வண்டிக்குள் விட்டுவிட்டு ஆற்றுக்குப் போக வேண்டாம். கம்பத்துப் பிரேக்கர் ஒன்று விழுந்தால், மூடிய அந்தத் தகடு சில நிமிடங்களில் அடுப்பாகும். தூங்குபவருக்கு அது தெரியாமலே போகலாம். இரவில் உள்ளே ஒரு வெப்பநிலை அலாரமும், மின்சாரம் போனால் உடனே திறக்கும்படி ஓர் ஜன்னலும் இருக்கட்டும். தாழ்ப்பாளை உள்ளிருந்து திறக்க மாமியாருக்கு முதல் நாளே பழக்கிக் காட்டுங்கள். பழைய ஷாஸ்டா கதவுத் தாழ் பழகாத கைக்குச் சற்று முரண்டு பிடிக்கும்.

வயரிங் முடிந்து, ஏசியும் வந்த பிறகு, வெயில் கடுமையான ஒரு நாளில் வீட்டு வாசலிலேயே பிற்பகல் 2 மணிக்குப் போட்டு மாலை வரை ஓட விடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை பிளக்கையும் வடத்தையும் பிரேக்கர் பெட்டியின் மூடியையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கையை எடுக்கத் தோன்றும் அளவு சூடு இருந்தால் உடனே அணைத்துவிட்டு, எலக்ட்ரீஷியனை மறுபடி கூப்பிடுங்கள். உள்ளே 80 டிகிரிக்கு இறங்க எவ்வளவு நேரம் ஆனது, நிழலில் தள்ளி நிறுத்தியபோது எவ்வளவு ஆனது என்பதைக் குறித்து எனக்கு எழுதினால், அலமாரி வேலைக்கு 5,000 போதுமா, 6,000 வேண்டுமா என்பதை அந்த எண்களை வைத்துச் சொல்கிறேன்.